பாப்-அப் கேம்பரை மண்பாதைக்குத் தயார்ப்படுத்துவது எப்படி?

காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன பாப்-அப் கேம்பர் டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கும், பழையது ஒன்று கைக்கு வருகிறது, வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஓடும்போது இது இடுப்பு உயரப் பெட்டி. நிறுத்திய இடத்தில் கைப்பிடியைச் சுற்றினால் கூரை எழும்பி, கான்வாஸ் சுவர்களோடு ஒரு அறையாகிவிடும். நல்ல தார்ச்சாலையில் இழுத்துப் போய்ப் புல்தரையில் நிறுத்துவதற்கென்றே வரையப்பட்ட வடிவம் என்பதால் தரையை ஒட்டித் தாழ்வாக இருக்கும். வடசென்னைக்காரர்கள் அதைச் சோதித்துப் பார்க்கக் காடு மலை தேடிப் போக வேண்டியதில்லை. கண்டெய்னர் லாரிகள் உழுதுவைத்த எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு மழைக்காலம் இழுத்தால் போதும். எது ஆடுகிறது, எது உரசுகிறது என்று தெரிந்துவிடும்.

இங்கே சொல்லும் வேலைகள் பழவேற்காட்டு மணல் பாதை, பூண்டி பக்கத்துச் செம்மண் தடம், ஜவ்வாது மலை ஏற்றம் அளவுக்கானவை. பாறை மேல் பாறையாக ஏறுகிறவர்கள் கேம்பரை வீட்டில் விட்டுவிட்டுக் கூடாரத்தோடு போவது நல்லது.

பலர் முதல் வேலையாக முரட்டு டயர் வாங்கிவிடுகிறார்கள். அது சக்கர வளைவில் உரசத் தொடங்கிய பிறகுதான் அடியில் குனிந்து பார்க்கிறார்கள். டயர் கடைசி வேலை. ஜாக்கி போடுவது, சக்கரம் கழற்றுவது போன்றவற்றை நான் விளக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கேம்பரின் நான்கு மூலையிலும் உள்ள கால்கள் நிற்கும்போது ஆடாமல் இருப்பதற்கு மட்டுமே. அவற்றை வைத்து வண்டியைத் தூக்காதீர்கள். சட்டத்துக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு வைத்த பிறகே உள்ளே படுக்க வேண்டும்.

முதலில் காகிதம், அடுத்து எடை

டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆகவே செய்ய நினைப்பதை ஒரு தாளில் எழுதி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு இரும்பில் கை வையுங்கள். சேசிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டரோ வெல்டிங்கோ படவே கூடாது.

எடை பார்ப்பது நம் பகுதியில் எளிது. மணலி, மாதவரம் பக்கம் லாரிகளுக்கான எடைமேடைகள் நிறைய உண்டு. பயணத்துக்குப் போகும்போது இருப்பது போலவே, தண்ணீர் கேன், சமையல் காஸ், மெத்தை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்ப் பாருங்கள். காலி வண்டியின் எடை எதற்கும் உதவாது. அந்த மொத்த எடை உங்கள் காரின் இழுவைத் திறனுக்குள் இருக்க வேண்டும்.

மூக்கு எடையை, அதாவது கேம்பரின் முன்முனை காரின் கொக்கியில் அழுத்தும் எடையை, அந்த மேடையில் பார்க்க முடியாது. லாரி மேடை ஐந்து, பத்து கிலோ கணக்கில்தான் காட்டும். குளியலறை எடைக் கருவியைத் தரையில் வைத்து, அதன் மேல் கொக்கியின் உயரத்துக்கு ஒரு கட்டையை நிறுத்தி, முன்முனையை அதன் மேல் இறக்குங்கள். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால் நல்லது. 600 கிலோ கேம்பருக்கு 60 கிலோ. மிகக் குறைந்தால் வேகத்தில் பின்பக்கம் வாலாட்டத் தொடங்கும். 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு என்றால் 40 கிலோ. அதைப் பின்கதவோரம் வைப்பதா, அச்சுக்கு நேர்மேலே வைப்பதா என்பதிலேயே இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அச்சுக்கு மேலே வையுங்கள்.

அச்சு: அவசரப்படாமல் படிக்க வேண்டிய பகுதி

பெரும்பாலான சின்ன கேம்பர்களில் ஸ்பிரிங் பட்டை அச்சுக்குக் கீழே தொங்கும். அதை அச்சுக்கு மேலே கொண்டுவந்தால் வண்டி உயரும். எவ்வளவு உயரும் என்பதற்கு எளிய கணக்கு: அச்சின் விட்டமும் பட்டைக் கட்டின் கனமும் சேர்ந்த அளவு. 60 மி.மீ. அச்சும் 35 மி.மீ. கட்டும் என்றால் 95 மி.மீ.; பட்டை உட்காரும் இருக்கையின் கனத்தையும் சேர்த்தால் 100 மி.மீ.க்குச் சற்று மேல். இதற்கு மேல் உயர்த்த ஆசைப்படாதீர்கள். உயரம் கூடக் கூடச் சரிவில் கவிழும் அபாயமும் கூடும்.

இந்த இடத்தில்தான் என் வேலை நின்றது. பட்டறையில் அண்ணன் ஒருவர் வெகு சாதாரணமாகச் சொன்னார்: “எதற்கு சார் வெட்டி ஒட்ட வேண்டும்? அச்சைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிடலாம். கீழே இருக்கிற இருக்கை தானாக மேலே வந்துவிடும்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வெல்டிங் செலவும் மிச்சம். ஆனால் குழாய் அச்சுகள் பல நேராக இருப்பதில்லை. நடுவில் மிக லேசாக மேல்நோக்கி வளைத்துச் செய்திருப்பார்கள். சுமை ஏறும்போது அந்த வளைவு தணிந்து சக்கரங்கள் செங்குத்தாக நிற்கும். திருப்பிப் போட்டால் வளைவு கீழ்நோக்கிப் போய்விடும். சுமை ஏற ஏறச் சக்கரங்களின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும். டயரின் உள்விளிம்பு தேய்ந்து கம்பி தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிது போலவே இருக்கும்.

வளைவு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அச்சின் அடிப்பக்கத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்லிய கம்பியை இறுக்கிக் கட்டுங்கள். தூண்டில் நரம்பு வேண்டாம், அது நீளும். கம்பிக்கும் குழாய்க்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால், முனைகளில் இல்லாத சில மில்லிமீட்டர் அங்கே இருந்தால், அது வளைந்த அச்சு. உடனே, கழற்றுவதற்கு முன்பே, குழாயின் மேல்பக்கத்தில் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்து, வலது இடது என்று எழுதிவிடுங்கள். சாக்பீஸ் கோடு கிரீஸ் கையில் அழிந்துபோகும். இனி வேலை முடியும் வரை அந்தக் கோடு வானத்தைப் பார்த்தபடியே இருக்க வேண்டும்.

அடுத்து, புதிய இருக்கைகளை அந்தக் கோட்டின் பக்கம் வைத்து, புள்ளி வெல்டு மட்டும் போட்டு, வண்டியில் மாட்டிப் பாருங்கள். முன்முனை இணைப்பின் நட்டநடுவிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு சக்கர மையங்களுக்கும் அளவெடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேம்பர் நாய் ஓடுவது போலக் கோணலாகவே பின்தொடரும். அளவு சரியானதும் கழற்றி முழு வெல்டு போடுங்கள்.

வெல்டிங்கில் நான்கு விஷயங்கள். அச்சின் நீளவாக்கில் மட்டும் வெல்டு போட வேண்டும். குழாயைச் சுற்றி வளையமாகப் போட்டால் அந்த வளையத்திலேயே ஒருநாள் விரிசல் விடும். ஒரே மூச்சில் போடாமல் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆறவிட்டுப் போட வேண்டும். சூடு அச்சை வளைத்துவிடும். எர்த் கிளிப்பை வெல்டு போடும் இடத்துக்குப் பக்கத்தில் அச்சிலேயே மாட்ட வேண்டும். சக்கரம் மாட்டும் ஹப்பில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும். ஸ்பிரிங் பட்டையின் மேல் ஒரு பொறிகூடப் படக் கூடாது, அது கடினப்படுத்திய எஃகு. வெல்டிங் குச்சியைப் பொறுத்தவரை இந்த வேலைக்கு எனக்கு 7018 ரகம் தவிர வேறெதிலும் நம்பிக்கை இல்லை. ஆனால் நம் கடற்கரை ஈரத்தில் திறந்து போட்ட 7018 குச்சி ஈரத்தைக் குடித்துவிடும். புதிய பாக்கெட்டைப் பிரித்து அன்றே பயன்படுத்துங்கள், அல்லது அடுப்பில் காயவைத்துத் தரும் பட்டறையைத் தேடுங்கள்.

அச்சையும் பட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்டுகளில் பழையதைத் திரும்பப் போடாதீர்கள். பிரேக் இருக்கும் கேம்பர் என்றால், உயர்த்திய பிறகு சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு, கேபிளும் ஹோஸும் இழுபடுகிறதா என்று பாருங்கள்.

சேர்க்கை: “என் கேம்பரில் அச்சு குழாய் இல்லை, சதுரக் கம்பி. அதையும் திருப்பக் கூடாதா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். இங்கேயே செய்த டிரெய்லர்களில் கெட்டியான சதுர அச்சு சகஜம். அது பெரும்பாலும் நேராகவே இருக்கும். கம்பி கட்டிப் பாருங்கள். வளைவே இல்லையென்றால் திருப்பலாம். பிரேக் இருந்தால் மட்டும் தகடுகள் வலது இடது மாறிவிடும். அவற்றைக் கழற்றி உரிய பக்கத்தில் மாட்ட வேண்டும்.

இணைப்பு

பின்பக்கம் உயர்ந்துவிட்டதால் கேம்பர் இப்போது மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். காரின் கொக்கியை உயர்த்துங்கள், அல்லது பல துளைகள் உள்ள தடித்த தகடு ஒன்றை முன்முனையில் போட்டு இணைப்பைக் கீழே இறக்குங்கள். சமதரையில் கேம்பரின் சட்டம் மட்டமாக இருக்க வேண்டும்.

காரில் உள்ள இரும்புக் குண்டின் மேல் கவிழ்ந்து உட்காரும் சாதாரண குண்டு இணைப்பு தார்ச்சாலைக்குப் போதும். ஒரு சக்கரம் குழியிலும் மறுசக்கரம் மேட்டிலும் இருக்கும்போது அது முறுக்கிக்கொள்ளும். ராணுவ ஜீப் டிரெய்லர்களில் பார்த்திருப்பீர்களே, கொக்கியும் வளையமும், அதுதான் என் தேர்வு. சுழலும் தண்டோடு சேர்த்துப் போட்டால் எந்தப் பக்கமும் திரும்பும். லொடலொடவென்று சத்தம் போடும் என்பது உண்மைதான், சகித்துக்கொள்கிறேன். குண்டையே வைத்துக்கொள்பவர்கள் அளவைப் பாருங்கள். 50 மி.மீ. குண்டும் இரண்டு அங்குலக் குண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், ஆனால் இரண்டாவது 50.8 மி.மீ. அமெரிக்க இணைப்பை 50 மி.மீ. குண்டில் மாட்டினால் தளர்வாக இருக்கும். காப்புச் சங்கிலிகள் இரண்டையும் இணைப்புக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள்.

துருவும் பெட்டியும்

எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு பக்கம் வண்டி நிறுத்துபவர்களுக்குத் துருதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி. சதுரக் குழாய்ச் சட்டம் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயிண்ட் பளபளக்கும். ஒவ்வொரு குழாயின் தாழ்ந்த முனையிலும் தண்ணீர் வடிய ஒரு துளை போடுங்கள். சிவப்பு ஆக்சைடு மட்டும் பூசினால் ஒரு பருவமழைக்குக்கூடத் தாங்காது. துத்தநாகம் கலந்த எபாக்சி பிரைமர் பூசி அதன் மேல் பெயிண்ட் அடியுங்கள். சட்டத்தை முழுவதுமாகக் கால்வனைஸ் செய்யக் கொடுப்பவர்கள் மூடிய குழாய்களில் காற்றுத் துளை இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். உருகிய துத்தநாகம் 450 டிகிரி சூட்டில் இருக்கும். உள்ளே அடைபட்ட ஈரம் குழாயையே வெடிக்க வைக்கும். ஸ்குரூ, போல்ட் வாங்கும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 ரகம் வேண்டாம், 316 கேளுங்கள். அலுமினியத் தகட்டில் அவற்றை மாட்டும் இடத்தில் நைலான் வாஷர் அவசியம்.

புதிய இரும்புக்கு நான் சாத்தாங்காடு இரும்புச் சந்தையைத்தான் சொல்வேன். கூரை மூலையில் விரிசல் விட்டிருந்தால் சிலிக்கான் பிதுக்கி மறைக்காதீர்கள். காசிமேட்டில் ஃபைபர் படகு பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்தும் கண்ணாடி இழைப் பாயும் பிசினும் அந்த மூலைக்குக் கச்சிதம். கடலில் தாங்குவது கூரையிலும் தாங்கும்.

உள்ளே அலமாரிகளை ஸ்டேப்ளர் பின் அடித்து நிறுத்தியிருப்பார்கள். அதிர்வில் அவை ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். எல்லாவற்றையும் போல்டும், அதிர்வில் தளராத நைலாக் நட்டுமாக மாற்றுங்கள். தரைப்பலகை இற்றுப்போயிருந்தால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் போடுங்கள். விளக்கு வயர்களைச் சட்டத்தின் உட்பக்கம் உயரத்தில் கட்டிவிடுங்கள், அவ்வளவுதான்.

கூரையின் மேல் சைக்கிள் ஏற்றலாமா என்று கேட்பவர்கள் அதிகம். வேண்டாம். தூக்கும் கேபிள் கூரையின் எடைக்கு மட்டுமே கணக்கிட்டது.

இப்போது டயர்

இழுக்கும் காரின் சக்கரமே கேம்பருக்கும் பொருந்தும்படி ஹப் போட்டுவிட்டால் ஒரே உபரிச் சக்கரம் இரண்டுக்கும் உதவும். மாருதி ஜிம்னிக்கும் பழைய ஜிப்சிக்கும் ஐந்து துளை, அவை அமையும் வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ., அந்த அளவில் ஹப் கடைந்து தரச் சொல்லி லேத் பட்டறையில் கேளுங்கள். சக்கரங்களின் அகலமும் காரோடு ஒத்துப்போனால் மணலில் கார் போட்ட தடத்திலேயே கேம்பரும் வரும். இழுவை பாதியாகக் குறைந்தது போல உணர்வீர்கள்.

முதல் ஓட்டத்தை மாதவரம் 200 அடி சாலையில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிது தூரம் போனதும் நிறுத்தி, புறங்கையை ஹப்பின் அருகே கொண்டுபோங்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் பேரிங் இறுக்கம் அதிகம். 50 கிலோமீட்டரில் சக்கர நட்டுகளையும், 100 கிலோமீட்டரில் யூ போல்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். புது யூ போல்ட் கட்டாயம் தளரும்.

பழவேற்காட்டு மணல் பாதையில் காற்றை 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம், காருக்கும் கேம்பருக்கும் சேர்த்து. கடற்கரை மணலில் மட்டும் வண்டியை இறக்காதீர்கள். ஜனவரி மாதம் தொடங்கி, ‘பங்குனி ஆமை’ எனப்படும் கடலாமைகள் அங்கே முட்டையிட வரும். காரின் பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசர் ஒன்று கட்டாயம் கூட இருக்கட்டும். காற்று குறைந்த டயரோடு பொன்னேரி வரை தார்ச்சாலையில் வேகமாக வந்தால், பக்கச்சுவர் சூடேறிக் கிழிந்துவிடும்.