லண்டன் ஃப்ளாட்டின் லீஸை நீட்டித்தபோது கவனித்தவை

இங்கிலாந்து, வேல்ஸில் லீஸ்ஹோல்ட் ஃப்ளாட் (குறித்த ஆண்டுகளுக்கு மட்டும் உரிமை, அடியிலுள்ள நிலம் வேறொருவருடையது) வைத்திருப்பவர்கள் முதலில் எண்ண வேண்டியது மீதமுள்ள ஆண்டுகளை. லீஸில் கையெழுத்திட்ட தேதியிலிருந்து எண்ணாதீர்கள். லீஸ் காலம் தொடங்கும் தேதி தனியாக எழுதப்பட்டிருக்கும், அதுதான் கணக்கு. மீதி 80 ஆண்டுக்கு மேல் இருக்கும்போதே, நீட்டிப்புக் கேட்டு நில உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்துவிடுங்கள். 80ஐத் தொட்டுவிட்டால், நீட்டிப்பால் கூடும் மதிப்பில் பாதி நில உரிமையாளருக்குப் போகும். நோட்டீஸ் கொடுத்த நாளே மதிப்பீட்டு நாள் என்பதால், அதன் பிறகு பேச்சு இழுத்தாலும் கவலையில்லை.

இதற்கான 1993 குத்தகைச் சீர்திருத்தச் சட்டத்தின் 42ஆம் பிரிவு நோட்டீஸ் 90 ஆண்டைக் கூட்டித் தரும். நில உரிமையாளருக்கு ஆண்டுதோறும் கட்டும் நில வாடகையும் ஒழியும். இரண்டாண்டு உரிமையாளராக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2025 ஜனவரி 31 முதல் இல்லை. 90க்குப் பதில் 990 ஆண்டு தரும் 2024 சட்டப் பிரிவு அமலுக்கு வந்துவிட்டதா என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோட்டீஸை அனுப்பும் முன் நான் மதிப்பீட்டாளரைக் கொண்டு, நீட்டிப்புக்கு நில உரிமையாளருக்குத் தர வேண்டிய தொகையைக் கணக்கிட்டேன். நம்ப முடியாத அளவு குறைந்த தொகை எழுதினால் நோட்டீஸே செல்லாமல் போகலாம். திரும்பப் பெற்றால் அடுத்ததற்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும், அதற்குள் லீஸும் தேயும். முன்பணமாக நோட்டீஸில் எழுதிய தொகையில் 10% அல்லது 250 பவுண்டு, எது அதிகமோ அதைக் கேட்பார்கள். நில உரிமையாளரின் பதிலுக்கு இரண்டு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அவரது பதிலான எதிர் நோட்டீஸ் வந்த பிறகு தொகை ஒத்துவராவிட்டால், இரண்டு மாதம் கழித்து, ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு மனுச் செய்ய வேண்டும். இந்தக் கெடுவை நாட்காட்டியில் குறித்தே தீர வேண்டும். தவறினால் எல்லாம் ரத்து.

“சட்ட நோட்டீஸ் இல்லாமல் வெளியிலேயே பேசி முடிக்கலாம்” என்பார்கள் நில உரிமையாளர்கள். அதில் பழைய லீஸ் காலம் முடியும்வரை நில வாடகை தொடரலாம், கவனம்.