பழைய தூண்டில் பொருள்களைச் சேகரிப்பதும் மதிப்பிடுவதும்: தொடக்க நிலையினருக்கான செய்முறை

பழைய தூண்டில் பொருள் ஒன்று கைக்கு வந்தவுடன் அதைத் துடைத்துப் பளபளப்பாக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. சேகரிப்பில் இறங்குபவர் முதலில் அடக்க வேண்டிய ஆசை அதுவே. தூண்டில் நூலைச் சுற்றிவைக்கும் பித்தளை ரீலின் மேல் பல ஆண்டுகளாகப் படிந்த கருமையும், மரத்தால் செய்த செயற்கை இரையின் வார்னிஷில் விழுந்த மயிரிழை வெடிப்புகளும், அட்டைப் பெட்டியின் ஓரத்தில் தேய்ந்துபோன அச்செழுத்தும் அந்தப் பொருளின் வயதுக்கும் உண்மைத்தன்மைக்கும் சாட்சிகள். மெருகுப் பசை போட்டுத் தேய்த்துவிட்டால் அந்தச் சாட்சிகளைத் திரும்பக் கொண்டுவர முடியாது. விலையும் அதோடு சேர்ந்து இறங்கிவிடும். ஆகவே, பொருள் வந்த நிலையிலேயே எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒளிப்படம் எடுத்து, நீளம், விட்டம், எடை, பொறிப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொண்ட பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

தேவையான கருவிகள்

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், குறுகிய ஒளிக்கற்றை தரும் சிறிய டார்ச், புற ஊதா டார்ச், வெர்னியர் அளவி ஆகிய நான்கும் போதும். அளவி பிளாஸ்டிக்கால் ஆனதாக இருக்கட்டும். எஃகு அளவியின் கூரிய தாடை பழைய வண்ணப்பூச்சில் கீறல் போட்டுவிடும். பருத்திக் கையுறையை நான் பரிந்துரைப்பதில்லை. மும்முனை முள்ளில் அதன் நூல் சிக்கினால் உதறும் வேகத்திலேயே பொருள் கீழே விழுந்துவிடும். சோப்பு போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திய வெறுங்கையே மேல். புற ஊதா டார்ச் வாங்கும்போது ஊதா நிற வெளிச்சத்தை அதிகம் கசியவிடும் மலிவு வகையைத் தவிர்த்து, வடிகட்டிக் கண்ணாடி பொருத்திய 365 நானோமீட்டர் வகையைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஊதா வெளிச்சமே மெல்லிய ஒளிர்வை மறைத்துவிடும் என்பதால் இந்தச் செலவு வீண்போகாது.

எதைச் சேகரிப்பது

எல்லாவற்றையும் வாங்குபவருக்கு எதன் மதிப்பும் பிடிபடாது. ஒரு நிறுவனம், ஒரு காலம் அல்லது ஒரு வகை என்று எல்லையை முதலிலேயே வகுத்துக்கொள்ளுங்கள். ரீல்களில் நாட்டம் உள்ளவர்கள் இங்கிலாந்தின் ஆல்ன்விக் நகரில் 1872-இல் தொடங்கப்பட்ட ஹார்டி நிறுவனத்திலிருந்தோ, ஊசிக்கும் தூண்டில் முள்ளுக்கும் பெயர்பெற்ற ரெடிச் நகரின் ஆல்காக் நிறுவனத்திலிருந்தோ தொடங்கலாம். மர இரைகளில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து டோவாஜியாக் நகரில் இயங்கிய ஹெடன் நிறுவனமும், இந்தியானா மாநிலத்து காரெட் நகரில் இயங்கிய கிரீக் சப் நிறுவனமும் நல்ல வாயில்கள். தொடக்க நிலையினருக்கு மர இரைகளையே நான் முதலில் சொல்வேன். அவை பெருமளவில் செய்யப்பட்டவை என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க மாதிரிகள் நிறையக் கிடைக்கும். கண்ணைப் பழக்கவும் அவைபோல் வேறில்லை.

காலத்தைக் கணித்தல்

பொறித்திருக்கும் ஆண்டை அப்படியே தயாரிப்பு ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காப்புரிமை நாள் ஒரு பொருளின் வயதுக்கு மேல் எல்லையை மட்டுமே தரும். கிரீக் சப் இரைகளின் முன்புறத்தில் உள்ள உலோகத் தகட்டில் 1920 செப்டம்பர் 7 என்ற காப்புரிமை நாள் பொறித்திருப்பதைப் பார்க்கலாம். அந்தத் தகடு கொண்ட இரை அந்த நாளுக்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் அதே பொறிப்பு பல ஆண்டுகள் தொடர்ந்ததால், இரை அதற்கு வெகுகாலம் பிந்தியதாகவும் இருக்கலாம். எண் மட்டும் இருந்தால், அமெரிக்கக் காப்புரிமை வரிசை 1911-இல் பத்து லட்சத்தையும் 1935-இல் இருபது லட்சத்தையும் எட்டியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் தோராயமான காலம் உடனே தெரிந்துவிடும்.

பெட்டியில் அச்சிட்ட முகவரி இன்னும் நன்றாகப் பேசும். அமெரிக்க முகவரியில் நகரத்தின் பெயருக்கும் மாநிலத்தின் பெயருக்கும் இடையே ஒன்றிரண்டு இலக்க அஞ்சல் மண்டல எண் இருந்தால் அது 1943-க்குப் பிந்தியது. ஐந்து இலக்க ஜிப் குறியீடு இருந்தால் 1963-க்குப் பிந்தியது. ‘ஆக்கிரமிப்பிலுள்ள ஜப்பானில் செய்யப்பட்டது’ என்ற பொருள்படும் ஆங்கிலக் குறிப்பு, நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு நீடித்த 1945 முதல் 1952 வரையான காலத்தைச் சுட்டும். ஸ்வீடனின் ஆபு நிறுவனம் 1952-இல் அறிமுகப்படுத்திய அம்பாசடர் ரீல்களில், ரீலைக் கழியில் பொருத்தும் பாதத்தின் அடிப்புறத்தைப் பாருங்கள். 1970-களின் ரீல்களில் காணப்படும் ஆறு இலக்க எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் அடுத்த இரண்டு மாதத்தையும் குறிக்கும்.

ஹெடன் இரைகளில் முள்ளைத் தாங்கும் உலோக அமைப்பே நாட்காட்டி. மரத்தில் நேரடியாகத் திருகிய வளையம், குழிந்த கிண்ணம், 1910-களின் பிற்பகுதியில் வந்த ஆங்கில ‘எல்’ வடிவக் கம்பி, அதன்பின் வந்த இரு துண்டுத் தகடு, இறுதியில் ஒரே துண்டுத் தகடு என்ற வரிசையை மனத்தில் பதித்துக்கொண்டால், பெட்டி இல்லாத இரையையும் பத்தாண்டுக் கணக்கில் வரிசைப்படுத்திவிடலாம்.

பழைய பூச்சா, புதுப் பூச்சா?

இந்தக் கலையில் ஆகக் கடினமான படி இதுவே. எனக்கும் நெடுங்காலம் பிடிபடாமல் இருந்த படியும் இதுதான். புத்தகங்கள் ‘அசல் பூச்சு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அதை எப்படிக் கண்டறிவது என்பதைப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டுதான் கற்க வேண்டியிருக்கிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அறையின் விளக்கை அணைத்துவிட்டு, சிறிய டார்ச்சை இரையின் உடலோடு ஏறக்குறைய ஒட்டினாற்போல் படுக்கையாகப் பிடித்து ஒளியைச் செலுத்துங்கள். நேர் வெளிச்சத்தில் வழவழவென்று தெரிந்த பரப்பில் சிறு பள்ளங்களும் மேடுகளும் நிழலோடு எழுந்து வரும். பூச்சு உதிர்ந்த பழைய காயத்தின் மேல் புதுப் பூச்சு ஏற்றியிருந்தால், காயத்தின் விளிம்பு அடியில் படிக்கட்டுபோல் இறங்குவது இந்த ஒளியில் தெரியும். வண்ணம் மேலே முழுமையாக இருக்க, அதன் அடியில் பள்ளம் இருப்பது மறுபூச்சின் உறுதியான அடையாளங்களுள் ஒன்று.

அடுத்து, லென்ஸை உலோகப் பகுதிகளுக்குக் கொண்டு செல்லுங்கள். பெரும்பாலான தொழிற்சாலைகளில் உடலுக்கு வண்ணம் பூசி உலர்த்திய பின்னரே முள் தாங்கிகளையும் திருகாணிகளையும் பொருத்தினார்கள். ஆகவே அசல் இரையில் வண்ணம் தகட்டின் அடியில் தொடர்ந்து செல்லும்; தகட்டின் விளிம்பு துப்புரவாக இருக்கும். உலோகத்தைக் கழற்றாமல் மறுபடி பூசியவரின் தூரிகை அந்த விளிம்பின் மேல் ஏறிவிடும், திருகாணித் தலையின் பிளவிலும் வண்ணம் தேங்கிவிடும். உலோகத்தைக் கழற்றியே பூசியிருந்தால் திருப்புளி பட்ட புதுக் கீறல் பிளவின் ஓரத்தில் பளிச்சென்று தெரியும். இரண்டில் ஒன்று அனேகமாக அகப்படும்.

மூன்றாவது சான்று முள் உரசிய தடம். தொங்கும் முள் ஆடி ஆடி உடலில் வில் வடிவக் கீறலை ஏற்படுத்தும். அந்த வில்லின் ஆரம் இப்போது மாட்டியிருக்கும் முள்ளின் நீளத்தோடு ஒத்துப்போக வேண்டும். கீறல் பெரிதாகவும் முள் சிறிதாகவும் இருந்தால் முள் மாற்றப்பட்டிருக்கிறது. தாங்கி துருவேறித் தேய்ந்திருக்க, அதன் அருகே உரசல் தடமே இல்லாத பளிங்குப் பூச்சு இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வெடிப்புகளைக் கடைசியில் பாருங்கள், ஏனெனில் ஏமாற்ற எளிது அதில்தான். மரம் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் விரிந்து சுருங்குவதால் விழும் இயற்கையான வெடிப்பு ஒழுங்கற்றது. ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் அறவே இல்லாமலும் இருக்கும், அதனுள் அழுக்கு ஆழமாக இறங்கியிருக்கும். வெடிப்பை வரவழைக்கும் திரவத்தால் உண்டாக்கிய வலை உடல் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்கும்.

புற ஊதா ஒளியைப் பற்றிப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘ஒளிர்ந்தால் போலி’ என்பது விதியல்ல. அரக்குப் பூச்சு எவ்வளவு பழையதானாலும் இளஞ்சிவப்புக் கலந்த ஆரஞ்சாக ஒளிரும். நாம் தேட வேண்டியது வேறுபாட்டை: ஒரே இரையின் முதுகும் வயிறும் ஒரு விதமாகவும், கண்ணருகே ஒரு திட்டு மட்டும் வேறு விதமாகவும் தெரிந்தால், அந்தத் திட்டு பின்னாளில் தொடப்பட்டது.

ரீலும் கழியும்

ரீலைத் திறப்பதற்கு முன் அதன் பாதத்தைப் பாருங்கள். வேறொரு கழியின் இருக்கையில் பொருத்துவதற்காக அரத்தால் ராவிக் குறுக்கிய பாதங்கள் ஏராளம். அது மதிப்பைப் பெரிதும் குறைக்கும் குறை. திருகாணிப் பிளவுகள் சிதைந்திருந்தால் அனுபவமில்லாத கை உள்ளே போய்வந்திருக்கிறது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கடிகாரக் கைவினைஞர்கள் வளர்த்த பல்சக்கர ரீல்களில், மீக் குடும்பத்தாரின் வேலைப்பாடுகள் போன்றவற்றில், ஒவ்வொரு திருகாணிக்கும் அது சேர வேண்டிய துளைக்கும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள். அந்த எண்கள் மாறியிருந்தால் பொருள் அசலே ஆனாலும் கவனமற்றவர் கையில் பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

பிளந்த மூங்கில் கழியில் எல்லாத் துண்டுகளையும் அருகருகே வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள். நுனித் துண்டு மட்டும் சில அங்குலம் குட்டையாக இருந்தால், முறிந்த நுனியை வெட்டி வளையத்தை மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். கண்ணோடு சேர்த்து நீளவாக்கில் பார்த்தால் நிரந்தர வளைவு தெரியும். இணைப்புக் குழல்களைத் திருகிக் கழற்றாதீர்கள், நேராக இழுங்கள். முறுக்கினால் ஒட்டுப் பகுதி பிரிந்துவிடும்.

விலை காணுதல்

விற்பவர் கேட்கும் விலைக்கும் மதிப்புக்கும் தொடர்பில்லை. விற்று முடிந்த விலைகளை மட்டும் திரட்டுங்கள். ஏல முடிவுகளில், ஏல நிறுவனம் வாங்குபவரிடம் கூடுதலாக வசூலிக்கும் கட்டணம் சேர்ந்திருக்கிறதா, இல்லையா என்பதைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு நிலையைத் தரப்படுத்துங்கள். அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய தேசியத் தூண்டில் இரைச் சேகரிப்பாளர் சங்கம் 1 முதல் 10 வரையான அளவுகோலைப் பயன்படுத்துகிறது. ஒரு படி இறங்கினால் விலை ஒரே சீராக இறங்காது என்பது முக்கியம்: மேல் படிகளுக்கு இடையே பெரும் பள்ளமும், கீழ்ப் படிகளுக்கு இடையே சிறு வேறுபாடும் இருக்கும். ஒப்பிடும் பொருளின் வண்ணம், அளவு, முள் தாங்கி மூன்றும் உங்களுடையதோடு பொருந்தாவிட்டால் அந்த விலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வயதை மட்டும் நம்பி மதிப்பிடுபவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒஹையோ மாநிலத்து ரைலி ஹாஸ்கெல் 1859-இல் காப்புரிமை பெற்ற செப்பு மீன் இரையின் பெரிய வடிவம் ஒன்று 2003-இல் 1,01,200 டாலருக்கு ஏலம் போனது. அந்த விலை வந்ததற்குக் காரணம் அந்த அளவில் அது அரிதாக இருந்ததே ஆகும். பழமை துணைக்கு வந்தது. அதைவிடப் பழைய சாதாரண முட்களையும் ஈயக் குண்டுகளையும் எளிய விலையில் எங்கும் வாங்கலாம்.

தந்தக் கைப்பிடி உள்ள தொடக்ககால ஹார்டி ரீல்களைப் பிரிட்டனில் வாங்கி விற்க எண்ணுபவர்கள், 2022-இல் நடைமுறைக்கு வந்த தந்தச் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டும். 1947-க்கு முந்தியதும் தந்தம் பத்து விழுக்காட்டுக்குக் குறைவாக உள்ளதுமான பொருளுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்குக்கும் பதிவு தேவை.

பின்னர் சேர்த்தது

இந்தக் குறிப்பைப் படித்த சிலர் இரண்டு கேள்விகள் எழுப்பினார்கள். முதலாவது, பெட்டியைத் தனியாக வாங்கி இரையோடு சேர்க்கலாமா என்பது. சேர்க்கலாம், ஆனால் பெட்டியின் ஓரத்தில் அச்சிட்ட மாதிரி எண்ணும் வண்ணக் குறியும் இரையோடு ஒத்துப்போக வேண்டும், விற்கும்போது அவை பின்னர் சேர்க்கப்பட்டவை என்று சொல்லியாக வேண்டும். பொருந்தாத பெட்டியைச் சேர்ப்பதால் எந்தப் பயனும் இல்லை.

இரண்டாவது கேள்வி, பழைய பிளாஸ்டிக் இரைகள் வளைந்து புளிப்பு வாடை வீசுவது ஏன் என்பது. செல்லுலோஸை அடிப்படையாகக் கொண்ட அந்தக் கால பிளாஸ்டிக்குகள் சிதையும்போது அமில ஆவியை வெளியிடும். அது அருகிலுள்ள முள்ளைத் துருப்பிடிக்க வைத்து, பக்கத்து இரைக்கும் சேதத்தைப் பரப்பும். மென்பிளாஸ்டிக்கால் செய்த புழு வடிவ இரைகளும் தம்மைத் தொடும் இரைகளின் பூச்சை உருக்கிவிடும். வாடை வரும் இரையை உடனே பிரித்து, மூடியில் காற்று போகும் துளையுள்ள தனிப்பெட்டியில், அமிலமற்ற தாளில் சுற்றி, குளிர்ச்சியான இருட்டறையில் வையுங்கள். மற்றவற்றை மாதம் ஒருமுறை திறந்து முகர்ந்து பாருங்கள்.