அட்வைசரிடம் எப்போது போவது, என்ன கேட்பது

அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் இன்ஜினியரிங் காலேஜ்களில் ஒவ்வொரு மாணவருக்கும் ஃபேகல்ட்டி அட்வைசர் என்று ஓர் ஆசிரியர் இருப்பார். டியூட்டர், மென்டார் என்று இடத்துக்கு இடம் பேர்தான் மாறும். நாங்கள் படிக்கும்போது ஓடி (ஆன் டியூட்டி, காலேஜ் வேலையாக வகுப்புக்கு வராததற்கான அனுமதி) ஃபாரத்தில் கையெழுத்து வாங்கத்தான் அவரைத் தேடினோம், மற்றபடி வராண்டாவில் எதிரே வந்தால் ஒதுங்கிப் போய்விடுவோம்.

முதலில் நேரம். ஹால் டிக்கெட் வாரத்தில் போய் நின்றால் அவருக்கே தலைக்கு மேல் வேலை. எலெக்டிவ், அதாவது நாமே தேர்ந்தெடுக்கும் பாடம், அதன் பதிவுக்கு ஒரு வாரம் முன்னால், சாயங்காலம் கடைசி வகுப்பு முடிந்ததும் போங்கள். கையில் ஒரே ஒரு தாள் போதும்: முடித்த பாடங்கள், அவற்றுக்கான கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள மதிப்பு எண்), அரியர் இருந்தால் அதுவும், மறைக்காமல்.

"சார், எந்த எலெக்டிவ் ஈசி?" என்று மட்டும் கேட்காதீர்கள், "படிச்சா எல்லாமே ஈசிதான்" என்று முடித்துவிடுவார். அந்தப் பாடத்தை இந்த முறை யார் எடுக்கிறார்கள், போதுமான பேர் சேராவிட்டால் அதை ரத்து செய்துவிடுவார்களா, ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு உதவுமா என்று கேளுங்கள். ஆனர்ஸ் (சொந்தத் துறையிலேயே கூடுதல் பாடங்கள்) அல்லது மைனர் (வேறு துறைப் பாடங்கள்) ஆசை இருந்தால் இன்னும் சீக்கிரமாகவே பேசிவிட வேண்டும். பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன், அதாவது பாடத்திட்ட விதிகளின்படி அதற்குக் கூடுதலாக 18 கிரெடிட், மூன்று கிரெடிட் பாடமாக எடுத்தால் ஆறு பாடம், அதை வழக்கமான பாடங்களோடு சேர்த்து எந்த செமஸ்டரில் திணிப்பது என்பது தனியாக உட்கார்ந்து யோசித்தால் பிடிபடாது.

அடுத்தது அட்டெண்டன்ஸ், பாதிப் பேர் மாட்டுவது இங்கேதான். 75 சதவீதம் வேண்டும். 45 வகுப்பு நடந்தால் 11 வரைதான் விடலாம், பன்னிரண்டாவதை விட்டால் 75 போச்சு. 65-க்குக் கீழே போகாதவரை மருத்துவக் காரணம் காட்டி கண்டொனேஷன், அதாவது குறைந்த அட்டெண்டன்ஸுக்கு விலக்கு, கேட்கலாம், ஆனால் அதற்கும் நேரம் இருக்கிறது. என் ரூம்மேட்டுக்கு டெங்கு, பத்து நாள் படுக்கை, சர்ட்டிஃபிகேட்டைப் பெட்டிக்குள் வைத்திருந்து செமஸ்டர் கடைசி வாரத்தில் நீட்டினான், "அப்போவே ஏன்டா சொல்லல?" என்று அட்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். காய்ச்சல் வந்த அன்றே அவருக்கு ஒரு மெசேஜ், திரும்பி வந்த அன்றே சர்ட்டிஃபிகேட், அதன் நகல் ஒன்று உங்களிடம்.

சில அட்வைசர்கள் சிடுசிடுப்பார்கள், என்ன செய்வது. அப்படியானால் அந்தப் பாடத்தை எடுப்பவரிடமே கேளுங்கள், சீனியரிடம் கேளுங்கள். எச்ஓடி (துறைத் தலைவர்) அறைக்கு நேரே போவது கடைசியாக இருக்கட்டும், போனாலும் அட்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

அப்புறம், பேசி முடித்ததும் அவர் சொன்னதை அன்றைக்கே நாலு வரி மெயிலாக அவருக்கே அனுப்பிவிடுங்கள். அடுத்த வருஷம் அட்வைசர் மாறினால், புதியவரிடம் காட்ட அதுதான் கையில் இருக்கும்.