நடந்து வரும் திருப்பயணிகளுக்கு ஆலயத்தில் ஓர் இரவுத் தங்கல்: பங்குகளுக்கான வழிகாட்டி

நாளெல்லாம் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் நடந்து களைத்து வரும் திருப்பயணிக்கு இரவில் வேண்டியவை மிகச் சில: நனையாத கூரை, காலை நீட்டிப் படுக்கத் தரை, குடிநீர், கழிப்பறை. பெரும்பாலான ஆலய வளாகங்களில் இவை ஏற்கெனவே இருக்கின்றன. இரவில் பூட்டிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். எனவே இப்பணியைத் தொடங்க விரும்பும் பங்கோ சபையோ கட்டில்களுக்கும் புதிய கட்டடத்துக்கும் நிதி சேரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கொடுப்பது குறைவாக இருந்தாலும், கொடுப்பதாகச் சொன்னதை எல்லா இரவிலும் தவறாமல் கொடுக்க வேண்டும். இங்கே தங்கலாம் என்று கேள்விப்பட்டு, அடுத்த ஊர்வரை நடக்கத் தெம்பில்லாமல் வந்து நிற்பவர் பூட்டிய கதவைப் பார்ப்பதைவிட, அப்படி ஓர் இடம் இல்லை என்று முன்பே அறிந்திருப்பது அவருக்கு எவ்வளவோ நல்லது.

இது புதிய பணியன்று. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கு நூலின் 53ஆம் அதிகாரம், வரும் விருந்தினர் அனைவரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்றும், ஏழைகளுக்கும் திருப்பயணிகளுக்கும் தனிக் கவனம் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. விருந்தினர் இல்லத்தில் போதுமான படுக்கைகள் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்ற நடைமுறைக் குறிப்பும் அதே அதிகாரத்தில் உண்டு. ஸ்பெயினில், திருத்தூதர் யாக்கோபாகிய சந்தியாகப்பரின் கல்லறை உள்ள சந்தியாகோ தே கொம்போஸ்தேலா நகரை நோக்கிச் செல்லும் பாதையில், கிரான்யோன் என்ற சிற்றூரின் புனித திருமுழுக்கு யோவான் ஆலயத்தில் இன்றும் பயணிகள் தரையில் விரித்த மெத்தைகளில்தான் உறங்குகிறார்கள். அங்கே கட்டணம் இல்லை. திறந்திருக்கும் காணிக்கைப் பெட்டியில் முடிந்ததை இடலாம். தேவைப்பட்டால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளவும் செய்யலாம்.

முதல் வேலை அனுமதி. பங்குத்தந்தை அல்லது போதகர், பங்குப் பேரவை, மறைமாவட்ட நிர்வாகம் ஆகியோரின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள். கட்டடத்துக்குக் காப்பீடு இருந்தால், இரவுத் தங்கலும் அதில் அடங்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். படுக்கும் இடமாக ஆலயத்தின் நடுக்கூடத்தைவிடச் சமூகக்கூடமோ மறைக்கல்வி வகுப்பறையோ மேல். வேறு வழியின்றி ஆலயத்துக்குள்ளேயே இடம் தர நேர்ந்தால், பீடப் பகுதியையும் நற்கருணைப் பேழையையும் விட்டு விலகிய ஒரு பக்கத்தை ஒதுக்கி, திருப்பண்ட அறையைப் பூட்டி வையுங்கள். பழைய கற்கோயில்கள் கோடையிலும் இரவில் குளிரக்கூடும் என்பதால் சில போர்வைகள் கைவசம் இருக்கட்டும்.

மெத்தைகளைத் துணி உறையோடு வாங்காதீர்கள். திருப்பயணப் பாதை விடுதிகளை மிகவும் வாட்டுவது மூட்டைப்பூச்சிதான். அது பயணப்பைகளில் ஒட்டிக்கொண்டு ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகும். ஈரத்துணியால் துடைக்கக்கூடிய ரெக்சின் உறையிட்ட மெல்லிய மெத்தைகளே போதும். பைகளை மெத்தைமேல் வைக்க விடாமல், சுவரோரம் ஒரு பலகையில் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். காலணிகள் வாசலிலேயே நிற்கட்டும். பக்கத்தில் ஒரு கட்டுப் பழைய செய்தித்தாள் இருந்தால், மழையில் ஊறிய காலணிக்குள் தாளைக் கசக்கித் திணித்து வைக்கலாம், விடிவதற்குள் ஈரம் பெரிதும் இறங்கிவிடும். துணி உலர்த்த ஒரு கொடி, கால் கழுவ ஒரு பேசின், கொப்புளத்துக்குச் சுத்தமான கட்டுத்துணி, கைபேசிக்கு மின்னேற்றும் இணைப்புகள் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. நடப்பவருக்கு அவை தரும் ஆறுதல் பெரிது.

பாதுகாப்பில் மட்டும் எளிமை பார்க்கக் கூடாது. உறங்குபவர்கள் சாவி தேடாமல் உள்ளிருந்து திறக்கக்கூடிய கதவு ஒன்றாவது இருக்க வேண்டும். படுக்கும் அறையில் மெழுகுவர்த்தி எரிவதையும், மூடிய அறையில் கரியடுப்போ எரிவாயு அடுப்போ வைத்துக் குளிர்காய்வதையும் உறுதியாகத் தடுத்துவிடுங்கள். வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். தனியாக வரும் பெண்களுக்குத் தாழிடக்கூடிய தனி அறை ஒதுக்க முடியுமானால் அதை முதலில் செய்யுங்கள். முடியாவிட்டால், பொது இடம்தான் என்பதை அவர்கள் வந்ததும் சொல்லிவிடுங்கள். சிறார்கள் பெற்றோருடனோ பொறுப்பாளருடனோ மட்டுமே தங்கலாம். வரவேற்கும் பொறுப்பை ஒருவரிடம் விடாமல் எப்போதும் இருவரிடம் கொடுங்கள். பதிவேட்டில் பெயர், புறப்பட்ட ஊர், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஆகிய மூன்றும் போதும்.

வாசலில் நிற்பவரிடம் முதலில் தண்ணீர் கொடுங்கள். பதிவேடு பிறகு வரட்டும். அவர் விசுவாசத்தைப் பற்றி விசாரிக்கத் தேவையில்லை. மாலைச் செபம் உண்டென்றால் நேரத்தைச் சொல்லுங்கள். வருவதும் வராததும் அவர் விருப்பம். திருப்பயணிகள் பலர் தங்கிய இடங்களின் முத்திரையைப் பயணச் சான்றேட்டில் பெற்றுச் செல்வார்கள். சந்தியாகப்பரின் நகரில் சான்றிதழ் பெற அந்த முத்திரைகள்தான் ஆதாரம். ஆகவே ஆலயத்தின் பெயர் தெளிவாகத் தெரியும் ஒரு முத்திரை செய்து வையுங்கள். காணிக்கைப் பெட்டி கதவோரம் இருக்கட்டும், அதன் அருகில் யாரும் நிற்க வேண்டாம். கொடுத்தாரா என்று கவனிக்கும் கண் ஒன்று இருந்தாலே அது கட்டணமாகிவிடும்.

விளக்கணைக்கும் நேரம், காலையில் இடத்தைக் காலிசெய்யும் நேரம், ஓர் இரவு மட்டுமே என்ற வரம்பு ஆகியவற்றைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். உடல்நலம் குன்றியவருக்கு அந்த வரம்பைத் தளர்த்தும் உரிமை அன்றைய பொறுப்பாளருக்கு இருக்க வேண்டும். வெயிலுக்கு முன் நடக்க விரும்பிப் பலர் விடியுமுன் எழுவார்கள் என்பதால், பைகட்டும் சத்தம் உறங்குபவரை எழுப்பாதபடி வெளித்திண்ணையில் ஒரு விளக்கு எரியட்டும். இடம் நிரம்பிவிடும் நாளும் வரும். அன்று வருபவரை இருட்டில் திருப்பி அனுப்பாமலிருக்க, அடுத்த ஆலயத்தின் தொலைபேசி எண்ணையும், ஒருவரை இரவு தங்கவைக்க இசைந்த இரண்டு மூன்று பங்குக் குடும்பங்களின் பெயர்களையும் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.