ஜிஎஸ்டி பதிவு எந்தத் தேதியிலிருந்து செல்லும்?

சான்றிதழ் கைக்கு வந்த நாளிலிருந்துதான் வரி என்று பல சிறு வியாபாரிகள் நினைக்கிறார்கள், அது எப்போதும் சரியில்லை. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் வரம்பு 40 லட்சம் ரூபாய், சேவை தருபவருக்கு 20 லட்சம். பில் புத்தகத்தைப் புரட்டி, இந்த வரம்பைத் தாண்டிய நாளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள் (வரிவிலக்குள்ள பொருளின் விற்பனையும் கணக்கில் சேரும்).

அன்றிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பித்துவிட்டால், பதிவு அந்தத் தாண்டிய நாளிலிருந்தே செல்லும். பிந்தினால் பதிவு வழங்கிய நாளிலிருந்துதான். ஆனால் இடைப்பட்ட விற்பனைக்கு வரி கட்டும் பொறுப்பு போகாது, கையிருப்புச் சரக்குக்கு எடுக்கவேண்டிய உள்ளீட்டு வரி வரவும் (வாங்கும்போது கட்டிய வரியை நீங்கள் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) நழுவிவிடும், அதனால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். வரம்பை எட்டாமலே தானாக முன்வந்து பதிவு செய்பவருக்கும் வழங்கிய நாள்தான்.

சான்றிதழ் வந்ததும் அதில் பொறுப்பு ஏற்பட்ட தேதி, செல்லத் தொடங்கும் தேதி, வழங்கிய தேதி மூன்றையும் பாருங்கள். செல்லத் தொடங்கிய நாளுக்கும் வழங்கிய நாளுக்கும் நடுவில் போட்ட பில்களுக்கு, வழங்கிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் திருத்திய பில் தரலாம். வாங்கியவர் பதிவு பெற்ற வியாபாரி என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள், அவர் வரி வரவு எடுக்க அந்தப் பில்தான் ஆதாரம். அப்புறம், கையிருப்புச் சரக்குக்கான வரவை எடுக்க ஐடிசி-01 படிவம் இருக்கிறது; ஓராண்டுக்கு மேல் பழைய பில்லுக்கு அது கிடைக்காது.