வீட்டுக் கணக்குக்கு எந்த மென்பொருள்? ஒரு மாத ஸ்டேட்மென்ட்டை ஏற்றிப் பாருங்கள்

வரவு செலவு மென்பொருள் தேடும்போது கண்ணில் முதலில் படுவது வண்ண வண்ண வரைபடங்கள்தான். அவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் வங்கி தரும் ஸ்டேட்மென்ட் அதற்குள் ஒழுங்காக ஏறுகிறதா, ஏற்றியதைச் சிஎஸ்வி கோப்பாக (பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய எளிய அட்டவணை) வெளியே எடுக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் ஏராளமானோர் பயன்படுத்திய மின்ட் என்ற வரவு செலவுச் செயலியையே 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள். வெளியே எடுக்க வழியில்லாத மென்பொருளில் பல வருடக் கணக்கைப் போட்டு வைக்கக் கூடாது.

கணினியில் வைத்துக்கொள்வதென்றால் ஹோம்பேங்க், மணி மேனேஜர் எக்ஸ், க்னூகேஷ் மூன்றும் இலவசம். தரவு உங்கள் வட்டிலேயே இருக்கும். க்னூகேஷ் இரட்டைப் பதிவு முறை, அதாவது ஒவ்வொரு தொகையையும் எங்கிருந்து போனது, எங்கே வந்தது என்று இரண்டு கணக்கில் எழுதுவது. கடைகளில் பயன்படும் டேலி கணக்கு மென்பொருள் பழகியவர்களுக்குக் கைவந்துவிடும், மற்றவர்களுக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். வெறும் செலவுக் கணக்குக்கு முதல் இரண்டில் ஒன்று போதும். ஒரே வங்கிக் கணக்கு, மாதம் முப்பது நாற்பது பதிவுகள்தான் என்றால் எக்ஸெல் போன்ற இலவச லிப்ரே ஆபீஸ் கால்க்கே தாராளம்.

எஸ்எம்எஸ் படித்துத் தானாகக் கணக்கெழுதும் ஆப்கள் வசதிதான். ஆனால் ஓடிபி வருவதும் அதே பெட்டிக்குத்தான், அதையும் அந்த ஆப் படிக்க முடியும். போதாததற்கு, காய்கறிக் கடையில் கொடுத்த ரொக்கத்துக்கு எஸ்எம்எஸ் வராது. அதை எப்படியும் கையால்தான் எழுத வேண்டும்.

சோதனைக்கு, நெட்பேங்கிங்கில் போன மாத ஸ்டேட்மென்ட்டை இறக்குங்கள். பிடிஎஃப் வேண்டாம், சிஎஸ்வி அல்லது எக்ஸெல். மேலே உள்ள பெயர், முகவரி, கணக்கு எண் வரிகளை நீக்கிவிடுங்கள். நம் வங்கிகள் பெரும்பாலும் டெபிட், கிரெடிட் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் தரும். பல மென்பொருள்கள் ஒரே தொகைப் பத்தியை எதிர்பார்க்கும். புதுப் பத்தி ஒன்று போட்டு, கிரெடிட்டிலிருந்து டெபிட்டைக் கழித்தால் செலவெல்லாம் மைனஸில் வந்துவிடும். 1,25,000 என்பதில் உள்ள காற்புள்ளிகளையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே தொகை மூன்று பத்தியாகப் பிரிந்துபோகலாம்.

அதிகம் சொதப்புவது தேதி. கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 03/04/2025 மார்ச் 4 ஆகிவிடும். 13/04/2025 தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக நிற்கும். தேதிப் பத்தியில் சில வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒதுங்கியிருந்தால் இதுதான் காரணம். அங்கேயே திருத்த முயல வேண்டாம், தவறாக மாறியவை எவை என்று பிரித்துப் பார்ப்பது பெரும்பாடு. கோப்பை மூடிவிட்டு, வங்கி தந்த மூலச் சிஎஸ்வியைக் கால்க்கில் மறுபடி திறங்கள். அப்போது வரும் சாளரத்தில் தேதிப் பத்தியைச் சொடுக்கி நாள்-மாதம்-ஆண்டு வரிசையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

ஹோம்பேங்க் சிஎஸ்வியில் பத்திகளைத் தன் வரிசைப்படிதான் கேட்கும். ஒருமுறை மாதிரித் தாள் தயாரித்து வைத்துக்கொண்டால் அடுத்த மாதங்களில் ஒட்டினால் போதும்.

ஏற்றிய பிறகு பரிமாற்றங்களைக் கவனியுங்கள். ஏடிஎம்மில் எடுத்த 5,000 ரூபாய் செலவு அல்ல, வங்கியிலிருந்து கைக்கு மாறிய பணம். கையிருப்பு என்று தனிக் கணக்கு திறந்து அங்கே மாற்றுங்கள். கிரெடிட் கார்டு பில்லும் அப்படித்தான். கார்டில் வாங்கியதை ஒருமுறை, பில் கட்டியதை இன்னொருமுறை செலவாக எழுதினால் மாதச் செலவு ஊதித் தெரியும். இந்தப் பரிமாற்றப் பதிவை எளிதாகப் போட விடாத மென்பொருளை அப்போதே தள்ளிவிடலாம்.

கடைசியாக, மாதத் தொடக்க இருப்பைப் போட்டு, இறுதி இருப்பு ஸ்டேட்மென்ட்டோடு பைசா சுத்தமாகப் பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தாவிட்டால் வித்தியாசத்தை இரண்டால் வகுத்து, அந்தத் தொகையில் பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். வித்தியாசத் தொகையிலேயே ஸ்டேட்மென்ட்டில் ஒரு பதிவு இருந்தால், அது இரண்டு முறை ஏறியிருக்கும் அல்லது விட்டுப்போயிருக்கும்.