கிராஃப்ட் விருதுக்கு விண்ணப்பிப்பவர்கள் சொதப்பும் இடங்கள்

பிரிட்டனின் திரைப்பட, தொலைக்காட்சி அகாடமியான பாஃப்டா, திரைக்குப் பின்னால் வேலை செய்கிறவர்களுக்குத் தரும் டெலிவிஷன் கிராஃப்ட் விருதுகளுக்குப் படிவம் நிரப்பும் காலம் வந்தால் போதும், எங்கள் ஒலிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே கோளாறுகளை வரிசை மாறாமல் செய்வார்கள். கடைசித் தேதி, எழுத்துப்பிழை பற்றியெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர்களுக்கு விருது எதற்கு?

பெயர்ப் பட்டியலைக் கடைசி நேரத்தில் எழுதுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான். ஒரு நாடகத் தொடர். படப்பிடிப்பு முழுக்கக் கடற்காற்றும் ஜெனரேட்டர் இரைச்சலும். நாயகியை ஸ்டூடியோவுக்கு வரவழைத்து மறுபடி பேசவைத்தால் அந்த அழுகை திரும்பி வராது. டயலாக் எடிட்டராக இருந்த பெண், ஒதுக்கித் தள்ளிய டேக்குகளிலிருந்து ஒரு சொல், அரைச் சொல், சில இடங்களில் வெறும் மூச்சு என்று பொறுக்கி எடுத்து வாயசைவோடு ஒட்டவைத்தார். பார்த்த யாருக்கும் அது தெரியவில்லை. தெரியாமல் இருந்தால்தான் அந்த வேலை சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

எல்லா ஒலிகளையும் ஒன்றாகக் கலக்கும் ஃபைனல் மிக்ஸ் நடக்கும்போது அவர் வேறு தொடரில் இருந்தார். இங்கே பெரும்பாலானோர் ஃப்ரீலான்ஸ். தன் பங்கு முடிந்ததும் மூட்டை கட்டிவிடுவார்கள். படிவத்தை நிரப்பியதோ தயாரிப்பு நிறுவனத்தின் அலுவலகம். மிக்ஸிங் தியேட்டரில் கடைசி வாரம் யார் முகம் தென்பட்டதோ அவர்கள் பெயரெல்லாம் ஏறிவிட்டது. பரிந்துரை அறிவிப்பு வந்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. கெஞ்சிப் பார்த்தோம், நடக்கவில்லை. அவருக்கு அது வெறும் மரியாதைக் குறைவு மட்டும் இல்லை. அடுத்த வேலைக்குச் சம்பளம் பேசும்போது காட்ட வேண்டிய ஒரு வரி போயிற்று.

ஆகவே, பிக்சர் லாக் ஆன அன்றே, அதாவது இனிக் காட்சிகளை வெட்டி ஒட்டுவதில்லை என்று முடிவான அன்றே, யார் என்ன செய்தார்கள் என்று எழுதித் தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். எல்லோருக்கும் இடமில்லை என்பார்கள். சரி, யாரை விடுவது என்ற சண்டையை ஒலிக்காரர்களே தங்களுக்குள் போட்டுக்கொள்ளட்டும். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வேலை வேண்டாம்.

எது யாருடைய ஒலி என்று சொல்லாமல் விடுவது

அணு உலை விபத்தைப் பற்றிய ‘செர்னோபில்’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் ஏழு கிராஃப்ட் விருதுகளை அள்ளியது. ஹில்டுர் குட்னாடோட்டிர் அதற்கு இசையமைக்க, லித்துவேனியாவில் மூடப்பட்ட இக்னாலினா அணுமின் நிலையத்துக்குள் பதிவு செய்த ஒலிகளைத்தான் மூலப்பொருளாக எடுத்துக்கொண்டார். பம்பு இரைகிறதா, இசை ஒலிக்கிறதா என்று காது தடுமாறும். இசை விருது அவருக்கு. ஒலிக்கான விருது தனியாக ஒலிக்குழுவுக்கு. இந்த மாதிரித் தொடரில், படிவத்தோடு நீங்கள் எழுதி அனுப்பும் குறிப்பு தெளிவாக இல்லையென்றால், நீங்கள் இரவெல்லாம் செய்த உறுமலை ஜூரி இசையமைப்பாளர் கணக்கில் எழுதிவிடும்.

குறிப்பில் கதைச் சுருக்கம் எழுதுவது

ஜூரியில் இருப்பவர்கள் இதே தொழில் செய்கிறவர்கள். கதையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மைக்கை எங்கே ஒளித்துவைத்தீர்கள், எது கெட்டுப்போனது, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதுங்கள். ‘நெஞ்சை உருக்கும்’ என்ற சொல்லைக் கண்டால் நானே அடித்துவிடுவேன்.

குண்டு வெடிக்கும் எபிசோடை அனுப்புவது

வேண்டாம். சமையலறையில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசும் எபிசோடை அனுப்புங்கள்.

விழாவைக் குழப்பிக்கொள்வது

2000இலிருந்து கிராஃப்ட் விழா தனி. நடிகர்கள் வரும் பாஃப்டா டெலிவிஷன் விழா வேறொரு நாள். 2025இல் முன்னது ஏப்ரல் கடைசி, பின்னது மே. மே மாதத்துக்குக் கோட்டு வாடகைக்குச் சொல்லிவைத்தவர்களும் உண்டு. இன்னொன்று, எழுத்தாளர், இயக்குநர் விருதுகளும் கிராஃப்டில்தான் வரும். அவர்களிடமும் தேதியைச் சொல்லிவிடுங்கள்.

ராயல் டெலிவிஷன் சொசைட்டியை மறப்பது

இது பாஃப்டா இல்லை, பிரிட்டனின் இன்னொரு தொலைக்காட்சி அமைப்பு. அவர்களுடைய கிராஃப்ட் அண்ட் டிசைன் விருதுக்கு வேறு படிவம். பெயர்ப் பட்டியலை அங்கேயும் நீங்களே அனுப்புங்கள்.